ரிமோட்டைக் கீழே வையுங்கள்: பிள்ளைகளோடு கால்பந்து பார்க்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். உங்களில் ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன். கால்பந்தே கதி என்று கிடந்த ஒருவரின் மகள் நான். இப்போது ஒரு பையனுக்கு அம்மா. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரே அணிதான், நெதர்லாந்து. அந்த அணியைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்பது இப்போதே புரிந்திருக்கும்.

2024 ஜூலை 10, யூரோ கோப்பை அரையிறுதி. நெதர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். ஒரு நண்பர் வீட்டில் இரண்டு குடும்பமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் 1-1. கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக வந்த இங்கிலாந்தின் ஒல்லி வாட்கின்ஸ் சட்டென்று திரும்பி ஓர் அடி அடித்தார். பந்து அந்தப் பக்கக் கம்பத்தை ஒட்டி உள்ளே போய்விட்டது. கடைசி விசில் ஊதியபோது நண்பரின் எட்டு வயது மகள், ஆரஞ்சு ஜெர்சியின் கழுத்துப் பட்டையை வாயில் கடித்துக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை.

நண்பர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். "அழாதடா, வெறும் விளையாட்டுதானே, போய்ப் படு" என்றார். அவள் எழுந்து போய்விட்டாள்.

நல்ல மனிதர் அவர். மகள் அழுவதைப் பார்க்கத் தாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவளை அனுப்பிவிட்டு அவர் பால்கனியில் விளக்குப் போடாமல் வெகுநேரம் நின்றார். அவருக்கும் அழுகை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அப்பாவுக்கு இது வெறும் விளையாட்டு, தனக்கு மட்டும்தான் இப்படி நெஞ்சு அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் படுத்திருப்பாள்.

அந்த இருட்டுப் பால்கனியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 32 அணிகள் ஆடிய உலகக் கோப்பைகளில் 31 அணி வெறுங்கையோடு வீடு திரும்பின. 2026 முதல் 48 அணிகள். கோப்பை அதே ஒன்றுதான். அதாவது 47 அணிகளின் ரசிகர் வீடுகளில், ஏதோ ஒரு ராத்திரி, ஏதோ ஒரு பிள்ளை அழும். கால்பந்தை நேசிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்றால், பெரும்பாலும் தோற்கத்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஜெயிப்பது எப்போதோ வரும் விருந்தாளி. கூடவே குடியிருப்பது தோல்விதான். அப்படியிருக்கும்போது அது வருகிற நேரத்தில் மட்டும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படு என்பது என்ன நியாயம்?

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தபோது அவருக்கு 14 வயது. ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மறுநாள் செய்தித்தாளில் படித்ததுதான். ஜெர்மானியர் யாரும் பந்தைத் தொடுவதற்கு முன்பே நெதர்லாந்தின் யோஹான் க்ரைஃப் உள்ளே புகுந்து, தடுக்கிவிடப்பட்டு, நீஸ்கன்ஸ் பெனால்டியில் கோல் போட்டார் என்பதையும், அதற்குப் பிறகும் மேற்கு ஜெர்மனி 2-1 என்று ஜெயித்தது என்பதையும் படித்துவிட்டு, இப்படியும் ஒருவர் தோற்க முடியுமா என்று திகைத்துப்போனாராம். அன்றைக்குப் பிடித்தது. 1978 இறுதி ஆட்டத்தில் 90ஆவது நிமிடம் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1988இல் வான் பாஸ்டன் அடித்த அந்த நம்ப முடியாத கோலோடு யூரோ கோப்பை வந்தது. நானும் அந்த வருடம்தான் பிறந்தேன். "ரெண்டு அதிர்ஷ்டமும் ஒரே வருஷம் வந்துச்சு" என்பார்.

அவரிடம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. ஜெர்சியெல்லாம் இல்லை, குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளும் சாதாரணத் துண்டு. ஆட்டம் இருக்கும் நாளில் அதை நாற்காலியின் முதுகில் விரித்துப் போடுவார். ஒரு ஓரம் நூல் பிரிந்து தொங்கும். பதற்றமான நேரத்தில் அந்த நூலைத்தான் நான் விரலில் சுற்றிக்கொள்வேன்.

1998 அரையிறுதி, பிரேசிலோடு. எனக்கு 10 வயது. இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ரொனால்டோ கோல் போட்டுவிட்டார். 87ஆவது நிமிடம் க்ளைவர்ட் தலையால் முட்டி உள்ளே தள்ளியபோது அப்பா என்னைத் தூக்கியே விட்டார். அப்புறம் கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி ஷூட் அவுட். கோக்கு அடித்ததை டாஃபரெல் பாய்ந்து தடுத்தார். அடுத்து ரொனால்ட் டி போயர் அடித்ததையும் தடுத்தார். நான் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்பா டிவியை அணைப்பார் என்று எதிர்பார்த்தேன். அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தார். பிரேசில்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரள்வதையும், நம் ஆட்கள் புல்லில் உட்கார்ந்திருப்பதையும், அப்புறம் எழுந்து எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டுப் போவதையும் முழுதாகப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாம தோத்துட்டோம், பாப்பா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "நாம இல்லப்பா. அவங்கதான் தோத்தாங்க" என்றேன்.

"ஜெயிச்சிருந்தா யாரு ஜெயிச்சதா சொல்லியிருப்ப?"

"நாமதான்னு."

"அப்ப தோத்ததும் நாமதான்."

இந்த உரையாடலை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. பல வருடம் கழித்து, 1976இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைக் கவனித்தார்கள். தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் மாணவர்கள் அந்த அணியின் உடையை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைச் சொல்லும்போது 'நாம்' என்றார்கள், தோற்ற ஆட்டத்தைச் சொல்லும்போது 'அவர்கள்' என்று நழுவினார்கள். அது அமெரிக்க விளையாட்டு, அவர்களுடைய மொழி. ஆனால் பத்து வயதில் நான் செய்ததும் அச்சு அசலாக அதுவேதான்.

நம் மொழியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. "நாங்க தோத்துட்டோம்" என்று அப்பா சொல்லியிருந்தால் அது அவருக்கும் அந்தப் பதினொரு பேருக்கும் நடந்த விஷயம். "நாம" என்றதால் நானும் அதற்குள் இருந்தேன். அழுவதற்கு எனக்கும் உரிமை கிடைத்தது. தனியாக அழ வேண்டியதும் இல்லை. இவ்வளவு சின்ன வார்த்தைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

1974 இறுதி ஆட்டம் நடந்தது ஜூலை 7. 1998 அரையிறுதியும் ஜூலை 7. பின்னால் 2019இல் பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்து அமெரிக்காவிடம் 2-0 என்று தோற்றதும் ஜூலை 7. அப்பா நாட்காட்டியில் அந்தத் தேதியை ஆரஞ்சு பென்சிலால் வட்டம் போட்டு வைப்பார். துக்க நாள் என்பதற்காக மட்டும் இல்லை. அன்றைக்கு யாராவது ஒருவர் அந்த ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும், அது வீட்டு வழக்கம்.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஸ்பெயினோடு. எனக்கு 22 வயது. நம் ராபன் தனியாகப் பந்தோடு ஓடினார், எதிரே கோல்கீப்பர் கசியாஸ் மட்டும். பந்து கசியாஸின் காலில் பட்டு வெளியே போனது. 116ஆவது நிமிடம் இனியஸ்டா அடித்தார், எல்லாம் முடிந்தது. இனியஸ்டா ஜெர்சியைக் கழற்றிக்கொண்டு ஓடினார். உள்ளே வெள்ளைப் பனியனில் நீல எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. "என்ன எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார். எனக்கு அப்போது தெரியவில்லை. அப்புறம் தேடிப் பார்த்துச் சொன்னேன். 'டானி ஹார்கே எப்போதும் நம்மோடு'. ஹார்கே எஸ்பன்யோல் அணியின் ஆட்டக்காரர், இனியஸ்டாவின் நண்பர். 2009 ஆகஸ்டில் மாரடைப்பில் இறந்துபோனார், 26 வயதுதான். பனியனைக் காட்டியதற்கு நடுவர் இனியஸ்டாவுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தார்.

அப்பா அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நம்ம வீட்ல இன்னைக்கு விழுந்த அடியில அவன் யாரையோ கூட்டிட்டு வந்திருக்கான். சரி, போகட்டும்" என்றார். அந்தக் கோலை நான் இன்றுவரை வெறுக்க முடியாததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

நாங்கள் சேர்ந்து பார்த்த கோப்பை ஒன்றே ஒன்று. 2017 ஆகஸ்டில் பெண்கள் யூரோ இறுதி. டென்மார்க் முதல் கோல் போட்டது, சரி, வழக்கம்போல என்று அப்பா துண்டைச் சரிசெய்தார். மீடமா இரண்டு, மார்ட்டன்ஸ் ஒன்று, ஸ்பிட்ஸ ஒன்று. 4-2. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாம ஜெயிச்சிட்டோம் பாப்பா" என்றார். அந்த 'நாம'வுக்கு அன்றைக்கு இருந்த கனம், 1998இலிருந்து சேர்த்துவைத்த கனம். தோற்ற இரவுகளில் எழுந்து போயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

தோற்றதும் டிவியை அணைப்பவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை நடுவரைத் திட்டுபவர்கள், நாற்காலியை உதைப்பவர்கள், தப்பான பெனால்டி அடித்தவனின் பிறப்பைப் பற்றிப் பேசுபவர்கள். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறது. அணி தோற்றதற்காக அது பயப்படுவதில்லை, அடுத்து வீட்டில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறது. அந்தப் பிள்ளைக்குத் துக்கப்பட இடமே கிடைப்பதில்லை, ஏனென்றால் வீடு முழுக்க உங்கள் கோபம் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களானதும் இவர்களில் பலர் கால்பந்தே பிடிக்காது என்பார்கள். அவர்களுக்குப் பிடிக்காமல் போனது கால்பந்து இல்லை.

'வெறும் விளையாட்டு' என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாமே நம்பாததைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதய நோய்க்காக அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் வழக்கமான நாட்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று மருத்துவர்கள் கணக்கெடுத்து 2008இல் வெளியிட்டார்கள். நெஞ்சு அதை வெறும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளையின் நெஞ்சும் அப்படித்தான்.

பெலேயின் சிறுவயதுக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1950இல் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் பிரேசில் 2-1 என்று தோற்றது. வானொலி கேட்டுக்கொண்டிருந்த அப்பா அழுவதைப் பார்த்து, ஒன்பது வயதுப் பையன் "உனக்காக நான் உலகக் கோப்பையை ஜெயிச்சுத் தரேன்" என்றான். 1958இல், 17 வயதில், ஜெயித்தும் கொடுத்தான். எல்லோரும் அந்த வாக்குறுதியைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த அப்பாதான் முக்கியம். அவரும் கால்பந்து ஆடியவர். அவர் மகனுக்கு முன்னால் அழுதார், வேறு அறைக்குப் போகவில்லை. உங்கள் பிள்ளை பெலே ஆகப்போவதில்லை, என் பிள்ளையும் ஆகப்போவதில்லை. அப்பாவின் கண்ணீரைப் பார்க்கும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

பிரேசிலிலேயே சில்வியா கிரெக்கோ என்று ஓர் அம்மா. பால்மெய்ராஸ் அணியின் ரசிகை. மகன் நிக்கோலஸுக்குப் பார்வை கிடையாது, ஆட்டிசமும் உண்டு. மைதானத்தில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பந்து எங்கே போகிறது, யார் தட்டினார், யார் விழுந்தார் என்று ஆட்டம் முழுவதையும் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். 2019இல் ஃபிஃபா சிறந்த ரசிகர் விருது அவருக்குக் கிடைத்தது. நான் அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் தோன்றுவது, எதிரணி கோல் போட்டால் அதையும் அவர்தானே சொல்ல வேண்டும். அதை அவர் மறைக்க முடியாது. அம்மாவின் வாயிலிருந்து வரும் ஆட்டம்தான் அந்தப் பையனுக்கு ஆட்டம். நம் எல்லோருக்குமே கொஞ்சம் அந்த வேலைதான் தரப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வது, சொல்லும்போது பக்கத்தில் இருப்பது.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

2021 ஜூன் 27. யூரோ கோப்பை, இரண்டாம் சுற்று, செக் குடியரசோடு. அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம் அது. அப்போது எனக்குத் தெரியாது. பெரிய ஆட்டமும் இல்லை. டி லிக்ட் கையால் பந்தைத் தொட்டுச் சிவப்பு அட்டை வாங்கினார், அப்புறம் செக் அணி இரண்டு கோல் போட்டது. அப்பா சீக்கிரம் களைத்துப்போனார். ஆனாலும் செக்காரர்கள் கொண்டாடி முடிக்கும்வரை பார்த்தார். "நாம தோத்துட்டோம்மா. அவங்க நல்லா ஆடுனாங்க" என்றார். துண்டை மடித்தார்.

மூன்று நாள் கழித்து அம்மா அழைத்துச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. கணையத்தில் புற்றுநோய். முடிவு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. யூரோ தொடங்குவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். "போட்டி முடியட்டும்னு இருந்தேன், பாப்பா" என்றார்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் எல்லாத் தோல்வியையும் 'நாம' என்று சொன்ன மனிதர், இந்த ஒன்றை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார். நான்கு ஆட்டம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆஃப்சைடைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் மறைத்தார் என்று புரியாமல் இல்லை. லூயி வான் கால் அந்த வருடம்தான் மறுபடியும் நெதர்லாந்தின் பயிற்சியாளர் ஆனார். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை உலகக் கோப்பைக்குத் தகுதிபெற வைத்தார், ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். 2022 ஏப்ரலில்தான் வெளியே சொன்னார். அந்தச் செய்தியைப் படித்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரி ஆட்கள் அப்படித்தான். ஆனால் ஆட்டக்காரர்கள் வேறு, மகள் வேறு.

நான் சண்டை போட்டேன். படுக்கையில் இருந்தவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "தோத்தா நாமன்னு சொன்னது நீங்கதானே?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தப்புதான். இனிமே நாம" என்றார். அதற்குப் பிறகு இருந்த பதினோரு வாரமும் அப்படித்தான் நடந்தது. மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு முன்னால்தான் கேட்டார். வலி அதிகமான நாட்களில் அதிகம் என்றார். கடைசி வாரங்களில், இனி சிகிச்சையால் பயனில்லை என்று தெரிந்தபோது, அவர் டிவியை அணைக்காத மாதிரியே நானும் எழுந்து போகவில்லை. முடியும்வரை உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை எனக்கு வேறு எங்கேயும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

செப்டம்பரில் போய்விட்டார். முதல் வாரம் எனக்கு அழுகை வரவில்லை. உதவிக்கு வந்த உறவினர் ஒருவர் வீட்டிலிருந்த துணியையெல்லாம் துவைத்து மடித்து வைத்துவிட்டார், நல்ல எண்ணத்தோடுதான். அலமாரியைத் திறந்தால் ஆரஞ்சுத் துண்டு மேலே இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை. ஓரத்தில் தொங்கிய நூலையும் யாரோ கத்தரித்து நேர்த்தியாக்கியிருந்தார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதில் ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. இழப்புக்குப் பிறகு தோல்வியைவிட வெற்றிதான் கஷ்டம். 2021 நவம்பர் 16, நெதர்லாந்து நார்வேயை 2-0 என்று ஜெயித்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கோல் விழுந்ததும் என் கை போனை எடுத்து அப்பா எண்ணை அழுத்திவிட்டது. மணி அடித்தது. அம்மாதான் எடுத்தார். இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தோற்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் எப்படியோ சமாளித்துவிடுவேன், அதற்குப் பழக்கம் இருக்கிறது. தனியாக ஜெயிப்பதை எனக்கு யாரும் பழக்கவில்லை. உங்களில் அப்பாவையோ அம்மாவையோ இழந்தவர்கள், அணி ஜெயித்த இரவில் காரணம் தெரியாமல் உடைந்துபோயிருந்தால், அதில் விநோதம் ஒன்றும் இல்லை. எனக்கும் அப்படித்தான்.

பிள்ளையை இழந்த பெற்றோரும் இதைப் படிக்கலாம். அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கேயை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2015இல் பெர்லினில் பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக்கை ஜெயித்தபோது, குட்டி மகள் ஷானாவோடு சேர்ந்து மைதானத்தின் நடுவே கொடி நட்டார். 2019இல் எலும்புப் புற்றுநோயில் ஷானா போய்விட்டாள், ஒன்பது வயது. 2025 மே 31, மியூனிக்கில் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அவருடைய பாரிஸ் அணி இன்டரை 5-0 என்று ஜெயித்தது. ரசிகர்கள் மேடையிலிருந்து மிகப் பெரிய ஓவியம் ஒன்றை விரித்தார்கள். அப்பாவும் மகளும் கொடி நடுகிறார்கள், இந்த முறை பாரிஸ் கொடி. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஒருவரிடம், அவள் உங்களோடு மட்டும் இல்லை, நம்மோடும் இருக்கிறாள் என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

2022 டிசம்பர் 9க்கு வருகிறேன். கால்இறுதி, அர்ஜென்டினாவோடு. அப்பா இல்லாத முதல் உலகக் கோப்பை. பையனுக்கு எட்டு வயது. துண்டை நாற்காலியில் விரித்தது அவன்தான். அவனுக்கு மெஸ்ஸியை ரொம்பப் பிடிக்கும். கோல் போட்டதும் மெஸ்ஸி ஏன் இரண்டு கை விரலையும் மேலே காட்டுகிறார் என்று முன்பே கேட்டிருந்தான். சின்ன வயதில் அவரைக் கால்பந்துக்குக் கூட்டிப்போன பாட்டி செலியா இறந்துபோனார், அவருக்காகத்தான் என்று சொல்லியிருந்தேன்.

2-0 என்று பின்தங்கியிருந்தோம். 83ஆவது நிமிடம் வெக்ஹார்ஸ்ட் ஒன்று போட்டார். 90 நிமிடம் தாண்டிப் பதினோராவது நிமிடம், ஃப்ரீ கிக். எல்லோரும் கோலை நோக்கி அடிப்பார்கள் என்று பார்த்தால், தரையோடு மெதுவாகத் தட்டிவிட்டார்கள். வெக்ஹார்ஸ்ட் திரும்பி அடித்தார், 2-2. நானும் பையனும் கத்திய கத்தலில் தொண்டை கிழிந்தது. கத்தி முடித்ததும் இரண்டு பேருமே நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம்.

"தாத்தாவுக்கு இது தெரியுமா, அம்மா?"

மேலேயிருந்து பார்க்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அப்படி நம்ப முடிந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். "தெரியாதுடா. எனக்கும் அதுதான் கஷ்டமா இருக்கு" என்றேன். அவன் நகர்ந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஷூட் அவுட்டில் தோற்றோம். வான் டைக் அடித்ததை மார்ட்டினெஸ் தடுத்தார், அடுத்து பெர்ஹைஸ் அடித்ததையும் தடுத்தார். 1998 மாதிரியே இரண்டு. நான் சத்தத்தைக் குறைத்தேன். மெஸ்ஸியும் மற்றவர்களும் ஓடுவதையும், நம் ஆட்கள் நடுக்கோட்டில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தோம். "நாம தோத்துட்டோம்டா" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு ரொம்பத் தயங்கி, "எனக்கு மெஸ்ஸிய இன்னும் பிடிக்கலாமா?" என்று கேட்டான். பிடிக்கலாம் என்றேன். அவனுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

இதனால்தான் கேட்கிறேன். ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ரிமோட்டைத் தொடாதீர்கள். அழும் பிள்ளையிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். ஜெயித்தவர்கள் நன்றாக ஆடியிருந்தால் அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அங்கேயே அழுங்கள். பிள்ளை உங்கள் அணியை விட்டு வேறு அணிக்குப் போய்விட்டால், அந்த அணி தோற்கும் இரவிலும் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கும் 'நாம' என்றே சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் உங்கள் உடம்பிலோ வீட்டிலோ பெரிய சேதி ஏதாவது வந்தால், போட்டி முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையின் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

இந்த மடலை எழுதி முடித்ததும் முதலில் அந்த நண்பருக்குத்தான் படித்துக்காட்டினேன். அவரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, கேட்காமல் வெளியிடக் கூடாது. கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம், "அன்னைக்கு ராத்திரி அவ தூங்கலை. கதவுக்கு வெளியே நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார்.

அதை அவளிடம் சொல்லுங்கள் என்றேன். எழுந்து அவள் அறைக்குப் போனார்.

அன்புடன்,
ஆரஞ்சுத் துண்டு இருக்கும் வீட்டிலிருந்து ஓர் அம்மா